ஊர் அறிவும் ஒருவர் அறிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தேர்த் திருவிழாவன்று வடம் பிடியாதவர் இச்சபையில் எவரும் இரார். முன்னே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார் என்று தேர் கேட்பதில்லை. பலரும் ஒருமித்து இழுத்தால் ஓடுகிறது, ஒருமிக்காவிடின் நின்றுவிடுகிறது. ஊர் கூடினால் தேர் ஓடும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதனாலேயாம். ஆயினும் ஒன்றை யோசித்துப் பார்ப்போம். வடம் பிடிக்க ஊரைக் கூப்பிடுகின்ற நாம், தேர் திரும்புகின்ற மூலையில் வீதியை எப்படித் திருத்துவது, சில்லுக்கு எங்கே கட்டை போடுவது என்று ஆலோசிக்கும்போது ஊரைக் கூப்பிடுகிறோமா? தோளுக்கு ஊர், யோசனைக்கு நாலு பேர் என்பதே நமது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

ஓர் அரசாங்கமோ, ஒரு கல்விக் கழகமோ, ஒரு வியாபாரத் தாபனமோ தன்னால் தீர்க்க முடியாத சிக்கலொன்றைப் பூட்டிய அறைக்குள் வைத்திராமல், பொதுமக்கள் முன்னிலையில் வைத்து, "தெரிந்தவர் சொல்லுங்கள்" என்று கேட்கும் முறை ஒன்றுண்டு. 2006 ஆம் ஆண்டில் ஜெவ் ஹவ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் அதற்குக் 'கிரவுட்சோர்சிங்' என்று பெயரிட்டார். பெயர்தான் புதியது, முறை மிகப் பழையது. நாம் இம்மேடையில் அதனை 'ஊரறிவு நாடல்' என்று வழங்குவோமாக.

முதலிலே கடலுக்குச் செல்வோம். 1707 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் நான்கு, தாம் நிற்கும் இடம் இன்னதென்று சரியாக அறியாமல், சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதைச் சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து மாலுமி அறிந்துகொள்வான். கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்பதே, அதாவது நெடுங்கோடே, அக்காலத்தில் அவனுக்கு எட்டாத கணக்காயிருந்தது.

அதற்காக 1714 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் சரியாகக் கண்டறியும் வழியைச் சொல்பவருக்கு 20,000 பவுண்; ஒரு பாகையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் சொல்பவருக்கு 15,000; ஒரு பாகைக்குள் சொல்பவருக்கு 10,000. எந்த நாட்டவர், எந்தத் தொழிலினர், எந்தப் பள்ளியில் படித்தவர் என்ற வினா இல்லை. விடை சரியா என்ற ஒரே வினாதான்.

பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. ஆகவே கப்பலில் நடுப்பகலாகும் வேளையில், புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்னவென்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு நெடுங்கோட்டைக் கணித்துவிடலாம். நான்கு நிமிடம் பிழைத்தால் ஒரு பாகை பிழைக்கும். ஆனால் ஊசல் வைத்த கடிகாரம் ஆடும் கப்பலில் ஓடுமா? வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கும் உலோகம் சரியான நேரம் காட்டுமா? அத்தகைய கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று பேரறிஞர் நியூற்றனே பாராளுமன்றக் குழுவுக்கு எடுத்துரைத்தார். கற்றவர் பலரும் விடை வானத்திலிருந்தே வரும், சந்திரனின் நடையைக் கணித்தே வரும் என்று நம்பியிருந்தனர்.

விடை ஒரு தச்சனிடமிருந்து வந்தது. ஜோன் ஹரிசன் என்பவர் தச்சரின் மகன், தாமும் தச்சர், பல்கலைக்கழக வாசலை மிதியாதவர். 1735 இல் முதற் கடற்கடிகாரத்தைச் செய்து முடித்தார். அதில் திருப்தி கொள்ளாமல் இரண்டாவது, மூன்றாவது என்று செய்துகொண்டே போய், 1759 இல் நான்காவதை முடித்தார். கையிலடங்கும் பெரிய பைக் கடிகாரம் போன்றது அது. 1761 இல் ஜமேக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அவர் மகன் அதனைக் கொண்டு சென்றார். 81 நாட் பயணத்தின் முடிவில் அது பிந்தியிருந்தது ஏறக்குறைய 5 விநாடியே எனக் கணக்கிடப்பட்டது.

அன்பர்களே, கதை இங்கே இன்பமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பரிசு கொடுக்கவேண்டிய சபையில் வானநூலார் பலர் இருந்தனர். தற்செயலாய் வாய்த்த வெற்றி என்றார்கள். இன்னொரு பயணம் வேண்டும் என்றார்கள். கடிகாரத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். 1765 இல் பாதிப் பரிசை வைத்து மேலும் நிபந்தனை விதித்தார்கள். ஈற்றில் மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் தலையிட, 1773 இல் பாராளுமன்றம் 8,750 பவுண் வழங்கியது. அப்போது ஹரிசனுக்கு வயது 80. மூன்றாண்டு கழித்து அவர் இறந்தார். கேள்வியை உலகத்துக்கெல்லாம் திறந்து வைத்தவர்கள், தாம் எதிர்பாராத ஒருவர் விடையோடு வந்து நின்றபோது கதவைச் சாத்தப் பார்த்தனர். இதனை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி ஓர் அகராதியின் வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கில மொழியின் ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில் எந்தக் காலத்தில் எப்படி வழங்கியது என்று காட்டும் பேரகராதி ஒன்று வேண்டுமென்று, இலண்டன் மொழிநூற் கழகத்தார் 1857 ஆம் ஆண்டில் தொடங்கினர். நூறு பண்டிதர் கூடினாலும் ஒரு மொழியிலுள்ள நூலெல்லாம் படித்து முடிப்பாரோ? ஆதலால் வாசகர்களை நாடினர். 1879 இல் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் மரே, ஆங்கிலம் வாசிக்கும் மக்களுக்கெல்லாம் ஒரு வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். நீங்கள் படிக்கும் நூலில் ஒரு சொல் வழங்கும் வாக்கியத்தைத் துண்டுக் கடுதாசியில் எழுதி, நூற்பெயரும் ஆண்டும் பக்கமும் குறித்துத் தபாலில் அனுப்புங்கள் என்பதே அதன் சாரம்.

துண்டுகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. 1884 இல் முதற்பகுதி வெளிவந்தது. 1928 இலேயே முழுதும் நிறைவெய்தியது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும், பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன. மரே 1915 இலேயே காலமாகிவிட்டார். துண்டு அனுப்பியவருள் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் மைனர் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். மனநோயால் ஒருவரைக் கொன்று, புரோட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். அறையில் அடைபட்டிருந்த அவரது வாசிப்பு பல்லாண்டுகள் அகராதிக்கு உதவிற்று. எவர் வாயிலிருந்து வந்தது என்பதைப் பாராது, சொன்னதில் மெய்யுண்டா என்று பார்ப்பதே அறிவு எனத் திருவள்ளுவர் நமக்கு உணர்த்திய பாடத்துக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பதரிது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். முன்னர் வாசகர்கள் அனுப்பியிருந்த துண்டுகளை மரே ஆராய்ந்தபோது, எவரும் வழங்காத அபூர்வமான சொல்லொன்றுக்கு 50 அளவில் மேற்கோள் இருக்க, அதன் இனமாகிய, எல்லாரும் வழங்கும் சாதாரணச் சொல்லுக்கு ஐந்துகூட இருக்கவில்லை. வாசகர்கள் புதுமையான சொல்லைக் கண்டால் மகிழ்ந்து எழுதினர். நாளாந்தச் சொல்லை எழுதத் தகாதது என்று விட்டுவிட்டனர். ஆகவே சாதாரணச் சொற்களுக்கும் மேற்கோள் வேண்டும் என்று மரே தெளிவாகக் கேட்கவேண்டியதாயிற்று. பலரிடம் கேட்டால் போதாது. என்ன வேண்டும் என்று விளங்கக் கேட்கவேண்டும்.

கேட்கும் விதத்தைப் பற்றி மற்றொரு செய்தி. 1906 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் நகரிற் கால்நடைக் கண்காட்சி ஒன்று நடந்தது. கொழுத்த எருது ஒன்றைக் காட்டி, இதனை வெட்டித் துப்புரவாக்கினால் நிறை எவ்வளவு என்று சீட்டில் எழுதச் சொன்னார்கள். இறைச்சிக் கடைக்காரர் எழுதினர், கமக்காரர் எழுதினர், மாடு பற்றி ஒன்றும் அறியாதவரும் எழுதினர். பிரான்சிஸ் கோல்டன் என்னும் விஞ்ஞானி வாசிக்கக்கூடிய 787 சீட்டுக்களை வாங்கி வரிசைப்படுத்தினார். நடுவிலிருந்த மதிப்பு 1,207 இறாத்தல். எருதின் உண்மை நிறை 1,198 இறாத்தல். நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசமும் இல்லை.

இந்த வியப்புக்குக் காரணம் என்ன? ஒருவர் கூட்டிச் சொன்ன பிழையை மற்றொருவர் குறைத்துச் சொன்ன பிழை ஈடு செய்தது. அப்படி ஈடு செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் மற்றவர் சீட்டைப் பாராமல், தம் கண்ணால் கண்டு, தம் புத்தியால் எழுதினர். ஊர்ப் பெரியவர் முதலில் எழும்பி "இது ஆயிரத்தைந்நூறு இறாத்தல்" என்று சொல்லியிருந்தால், எத்தனை பேர் அதற்கு மாறாக எழுதத் துணிந்திருப்பர்? எல்லாரும் ஒரே பக்கம் பிழைத்திருப்பர். நமது கூட்டங்களில் நிகழ்வது பெரும்பாலும் இதுவேயன்றோ?

அண்மைக் காலத்துக்கு வருவோம். கனடாவிலே ரெட் லேக் என்னும் இடத்தில் தங்கச் சுரங்கம் நடத்திய கோல்ட்கோர்ப் என்னும் கொம்பனி, மேலும் தங்கம் எங்கே கிடக்கிறது என்று அறியாமல் தவித்தது. சுரங்கத் தொழிலில் நிலத்தைப் பற்றிய குறிப்புக்கள் பரம இரகசியம். ஆனால் அதன் தலைவர் றொப் மக்இவன், 2000 ஆம் ஆண்டில் அந்த இரகசியங்களையெல்லாம் இணையத்தில் விரித்து வைத்து, எங்கே தோண்டலாம் என்று சொல்பவர்களுக்கு 575,000 டொலர் பரிசு என அறிவித்தார். பல நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். முதற்பரிசு பெற்ற அவுஸ்திரேலியக் குழுவினர் அந்தச் சுரங்கத்தைக் கண்ணாலும் காணாதவர்கள். கணினியில் நிலத்தின் உட்புறத்தைப் படமாக அமைத்துப் பார்த்து இடம் சொன்னார்கள். கொம்பனியின் சொந்த நிபுணர்கள் எண்ணிப் பாராத இடங்கள் பல இப்போட்டியால் தெரியவந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் தங்கமும் கிடைத்தது.

பணப் பரிசு இல்லாமலும் இது நடக்கும். அமெரிக்காவின் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008 இல் 'போல்டிற்' என்னும் கணினி விளையாட்டு ஒன்றை வெளியிட்டனர். புரதம் என்னும் உயிர்ப்பொருள் எவ்வாறு மடிந்து உருக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதே அந்த விளையாட்டு. குரங்குகளிற் காணப்படும் ஒரு வைரசின் புரத அமைப்பை விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கு மேலாகத் தேடியும் கண்டிலர். அதனை விளையாடுவோர் முன் வைத்தபோது மூன்று வாரத்துக்குள் விடை அமைந்தது. 2011 இல் அந்த முடிவு விஞ்ஞான இதழில் வெளிவந்தபோது, விளையாடிய குழுவினரும் ஆசிரியர் வரிசையிலே குறிக்கப்பட்டனர். இந்தக் கடைசிச் செய்தியே எமக்கு மிகப் பிடித்தது. உழைத்தவனுக்கு உரிய பெயரை மறைக்கவில்லை.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடம் விட்டுவிடலாமே" என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். பெரியோர் சிலர் முகத்தைச் சுளிக்கவும் கூடும். இருசாராருக்கும் விடை சொல்வது நமது கடமை.

2016 இல் பிரித்தானியாவின் ஓர் ஆராய்ச்சித் தாபனம், தாம் கட்டுவிக்கும் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சூட்டுமாறு மக்களைக் கேட்டது. மக்கள் வேடிக்கையாகப் பிள்ளைகள் படகுக்கு வைப்பது போன்ற ஒரு கேலிப் பெயரையே பெருவாரியாகத் தெரிந்தெடுத்தனர். அரசினர் திகைத்துக் கப்பலுக்கு டேவிட் அற்றன்பறோவின் பெயரை இட்டு, கேலிப் பெயரை அக்கப்பலோடு செல்லும் சிறு நீர்மூழ்கிக்குச் சூட்டிச் சமாளித்தனர். கேட்டுவிட்டு மறுப்பதைவிட, யோசனையைத்தான் கேட்கிறோம், முடிவு நம்முடையது என்று முதலிலே சொல்லியிருக்கலாம். 2013 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் குண்டு வெடித்தபோது நடந்தது வேடிக்கையன்று. குற்றவாளியைத் தாமே பிடிப்பதாகப் புறப்பட்ட பலர் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு குற்றமும் செய்யாதவர்களைக் குற்றவாளிகளெனப் பறைசாற்றினர். அவர்கள் குடும்பத்தார் பட்ட துன்பம் பெரிது. ஊர் அறிவு வேறு. ஊர் வாய் வேறு. எருதின் நிறையைப் பின்னர் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஹரிசனின் கடிகாரத்தைக் கடலில் கொண்டுபோய்ப் பார்க்கலாம். சோதித்துப் பார்க்க வழியுள்ள விடயங்களிலேதான் ஊரறிவு பயன்படும். ஒருவர் மானத்தை ஊரின் தீர்ப்புக்கு விடலாகாது.

இந்த முறை தமிழருக்குப் புதிதுமன்று, தூரமுமன்று. 1998 ஆம் ஆண்டில் மதுரைத் திட்டம் என்னும் முயற்சி தொடங்கியது. உலகின் பல நாடுகளிலுள்ள தமிழ் அன்பர்கள், ஊதியம் எதுவுமின்றித் தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, மீண்டும் கிடையாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்ததன் விலை அது. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில், ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன. நமது போன்ற சங்கங்களின் ஆண்டு மலர்களும் அங்கே உண்டு. ஒருவர் பெட்டகத்திலிருந்து ஒரு மலர், இன்னொருவர் பரணிலிருந்து ஒரு சஞ்சிகை. இங்ஙனம் வீடு வீடாகச் சேர்ந்ததே அந்தக் களஞ்சியம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிறரைக் குறைசொல்ல வரவில்லை. எமது குறையையே சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாக சபையில் நாம் ஏழெட்டுப் பேர் இருந்து, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதென்று முடிவு செய்தோம். நாளும் நேரமும் நாமே குறித்தோம். ஆசிரியர் வந்தார்; வாங்குகள் வந்தன; கரும்பலகை வந்தது. பிள்ளைகள் வரவில்லை. இரண்டு மாதத்தில் வகுப்பு நின்றது. இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று நாம் ஒருவர்க்கொருவர் சொல்லித் தேறிக்கொண்டோம். பின்னொரு நாள் சிரமதானத்தில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், அந்த மணிக்குப் பிள்ளைகளெல்லாம் சந்தியிலுள்ள வேறு வகுப்பில் இருப்பார்கள் என்றும், வகுப்பு முடிந்து வந்தால் வீடு திரும்பக் கடைசி பஸ்ஸும் போய்விடும் என்றும் சொன்னான். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றோம். அவன் புல்லிலிருந்து தலையெடுக்காமலே சொன்னான்: "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, அண்ணை."

அந்த வார்த்தை எம்மை இன்றும் விட்டகலவில்லை. அவனிடம் ஒரு தகவல் இருந்தது. அதனைக் கேட்டிருந்தால் ஒரு வகுப்பு பிழைத்திருக்கும். அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. கேட்கப்படாத இளைஞன் சில காலம் கதிரை அடுக்குவான், தோரணம் கட்டுவான், பின்னர் வராமல் விடுவான். அவன் ஏன் வரவில்லை என்றும் நாம் கேட்கமாட்டோம். நமது சங்கத்தின் பழைய அங்கத்தவர் இடாப்பைப் புரட்டிப் பார்த்தால், அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவரும்.

ஆகவே ஒரு யோசனையைப் பணிவுடன் முன்வைக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரேயொரு கேள்வியை எடுப்போம். 'சங்கத்தை முன்னேற்றுவது எப்படி' என்ற பரந்த கேள்வி வேண்டாம்; அதற்கு வரும் விடைகளும் பரந்தே போகும். நமது வாசிகசாலைக்கு மாலையில் இளைஞர் வருவது குறைந்துவிட்டது. என்ன செய்தால் வருவார்கள்? இது போதும். பேசத் தொடங்குமுன் வயது வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடுதாசி கொடுப்போம். மற்றவர் பேச்சைக் கேட்குமுன் அவரவர் எண்ணியதை எழுதட்டும். எழுதியவர் பெயரை மறைத்து ஒவ்வொன்றையும் சபையில் வாசிப்போம். செய்யக்கூடியதைச் சிறிதாகச் செய்து பார்ப்போம். செய்ய முடியாததற்கு ஏன் முடியாதென்று காரணம் சொல்லுவோம். பயன் விளைந்தால், எழுதியவர் சம்மதத்தோடு அவர் பெயரை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.

இங்கே பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இளையவர்களைக் கேட்பதால் உங்கள் மதிப்புக் குறையாது. மரேயிடம் துண்டுகள் மலைபோற் குவிந்தன. அவற்றை வகுத்து, தள்ளுவன தள்ளிக் கொள்வன கொண்டு அகராதியாக்கியது கற்றோர் அறிவே. யோசனை பலரிடம் பிறக்கும்; அதனைத் தெரிந்து தேற அநுபவம் வேண்டும். அந்த அநுபவம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் விடை நீங்கள் எதிர்பாராத ஒருவர் கையிலிருந்து வந்தால், ஹரிசனுக்குச் செய்ததை நாம் செய்யாதிருப்போமாக. எண்பது வயதுவரை எந்தத் தம்பியும் காத்திருக்கமாட்டான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டால்தான் சொல்வேன் என்று இருந்துவிடாதீர்கள். ஹரிசனை எவரும் வீடு தேடிப் போய் அழைக்கவில்லை. ஒரு கடிகாரம் போதாதென்று நாலு கடிகாரம் செய்தார். உங்கள் யோசனை ஒருமுறை தள்ளப்பட்டால் கோபித்துக்கொண்டு போகாமல், அதனைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வாருங்கள். பேசுவதற்கு உரிமை கேட்பவன், சொன்னதைச் செய்து காட்டவும் முன்வரல் வேண்டும்.

தேர் வடத்தில் இடமில்லாதவர் ஊரில் எவருமில்லை. யோசனைக்கும் ஒரு வடம் கட்டி அதனையும் ஊர்க் கையில் கொடுத்துப் பார்ப்போம். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் எவரேனும் ஏறி, வாசிகசாலையில் இருக்க இடம் போதவில்லை என்று முறையிட்டால், அந்த முறைப்பாட்டை நாம் மிக்க மகிழ்ச்சியோடு கேட்போம்.